வாவிக்கரை வீடியோவும் இணையத்துக்கான சுருக்கமும்

வீடியோ என்னும் சொல் ஏறாவூர்ப் பகுதி மக்களுக்குப் புதியதன்று. வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் விடுமுறையில் திரும்பும்போது வீ.எச்.எஸ். இயந்திரங்களைக் கையோடு கொண்டுவந்த காலந்தொட்டு, கலியாணம், பெருநாள், திருவிழா, கூத்து யாவும் நாடாவில் ஏறி வந்திருக்கின்றன. 1990ஆம் ஆண்டில் இப்பகுதித் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் பட்ட துயரத்தை நாம் அறிவோம். அந்த ஆண்டில் ஒருவரைப் பறிகொடுத்த வீட்டில், அவருடைய நடையும் குரலும் ஒரேயொரு கலியாண நாடாவில் மட்டும் எஞ்சியிருக்கக்கூடும். அந்த நாடாவை இன்று கணினிக்கு மாற்றி, கனடாவிலும் கட்டாரிலும் உள்ள உறவினர் காண இணையத்தில் ஏற்றுகின்றார்கள். நல்ல காரியம். ஆனால் மாற்றும்போது தரும் அளவுகள் பிழைத்தால் முகம் சதுரக் கட்டிகளாகச் சிதைந்துவிடும். மூல நாடாவும் அதற்குள் வீசப்பட்டிருந்தால் மீட்க வழியில்லை. ஆகவே அந்த அளவுகளைப் பற்றிச் சிறிது படிப்போம்.

முதலில், ஏன் சுருக்கவேண்டும்? 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம், செக்கனுக்கு 25 வீதம், சுருக்காமல் வைக்கப்பட்டால் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 78 மெகாபைட் இடம் பிடிக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு 280 கிகாபைட். இதை எவரும் அனுப்பவும் முடியாது, பெறவும் முடியாது. எனவே, 2003இல் வெளியான எச்.264 போன்ற முறைகள் ஒரு முழுப் படத்தை வைத்துக்கொண்டு, அடுத்து வரும் படங்களில் எது மாறிற்று என்பதை மாத்திரம் எழுதிக்கொள்கின்றன. அதற்குப் பின் வந்த ஏவி1 போன்றவை இன்னும் சிறிதாக்கும். என்றாலும் பழைய கைத்தொலைபேசிகள் யாவற்றிலும் ஓடக்கூடியது எச்.264 தான். ஊருக்குள் பகிர்வதற்கு அதுவே போதும்.

மாற்றத்தை மட்டும் எழுதுவது என்பதை மனதில் இருத்தினால் மற்றவை இலகுவில் விளங்கும். ஓர் ஆசிரியர் கரும்பலகை முன் நின்று பேசுகிறார். சுவர் அசைவதில்லை, வாயும் கையும் மட்டுமே அசைகின்றன. இதற்கு மிகக் குறைந்த இடம் போதும். ஆனால் அந்தி வெயிலில் மட்டக்களப்பு வாவியைப் படம்பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு சிற்றலையும் ஒவ்வொரு கணமும் வேறாக மினுங்குகிறது. முந்திய படத்திலிருந்து எடுத்தாள ஒன்றுமேயில்லை. தோணி அழகாக இருக்கும், தண்ணீரோ கஞ்சியாய்க் குழம்பும். மருதமுனைச் சாரத்தின் நெருங்கிய கட்டங்களும், மழையும், வீசப்படும் மணியரிசியும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

இதனால்தான் 'எல்லா வீடியோவுக்கும் 2,000 கிலோபிட்' என்று ஓர் எண்ணை மனப்பாடம் செய்வது பயன் தராது. அவ்வளவு ஆசிரியருக்கு வீண் செலவு, வாவிக்குப் பற்றாக்குறை. அதற்குப் பதிலாகத் தரத்தை நிலையாக வைத்து, இடத்தை இயந்திரமே தீர்மானிக்கும்படி விடுவதே சிறந்தது. ஹேன்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளில் இது ஆர்.எஃப். என்ற எண்ணாக இருக்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும். ஆறு படி கூட்டினால் கோப்பு ஏறக்குறையப் பாதியாகும். பழைய நாடாவின் அளவுக்கு 18 முதல் 22 வரை, 720 வரிப் படத்துக்கு 19 முதல் 23 வரை, 1080 வரிப் படத்துக்கு 20 முதல் 24 வரை வைக்கலாம். முழுவதையும் ஒரேயடியாகச் சுருக்கிவிட்டுக் கவலைப்படாமல், மிகக் கடினமான முப்பது செக்கனைத் தெரிந்து 20, 22, 24 என மூன்று விதமாகச் செய்து, பார்ப்பவர் வைத்திருக்கும் அதே வகைக் கைத்தொலைபேசியில் ஓட்டிப் பாருங்கள். வேறுபாடு தெரியாத எண்களுள் பெரியதை எடுங்கள். வேகத்தை 'மெதுவாக' என்று வைத்தால் கணினிக்கு வேலை கூடும், கோப்பு சிறுக்கும். இரவில் விட்டுவிட்டு உறங்கப் போகலாமே!

கோப்பு இன்ன அளவுக்கு மேற்படக்கூடாது என்ற கட்டாயம் இருந்தால் மாத்திரம் கிலோபிட் கணக்கு. 2,000 கிலோபிட்டை 3,600 செக்கனால் பெருக்கி எட்டால் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 900 மெகாபைட். ஒலிக்காக 128 கிலோபிட் சேர்த்தால் இன்னும் 58 மெகாபைட் அளவில். டேற்றா அட்டை போட்டுப் பார்க்கும் ஒரு தாய்க்கு இது சிறு தொகையல்ல என்பதை ஏற்றுபவர் எண்ணிப் பார்க்கவேண்டும். பேச்சு மட்டுமே உள்ள நிகழ்ச்சியை 480 வரிக்கு இறக்கினால் எவரும் குறை சொல்லமாட்டார்கள்.

இரவுக் கூத்துக்கு வருவோம். வட்டக்களரியில் வெளிச்சம் குறைவு. கமெரா தன் உணர்திறனை உயர்த்தும்போது படம் முழுவதும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் துடிக்கும். சுருக்கும் இயந்திரத்துக்குப் புள்ளியும் ஒன்றே, அரசனின் முடியும் ஒன்றே. இரண்டுக்கும் இடம் பங்கிடும். ஆகவே இலேசான இரைச்சல் நீக்கம் சேர்க்கவும். மிகுதியாகச் சேர்த்தால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். எமது மின்சாரம் 50 ஹேட்ஸ் ஆதலால், செக்கனுக்கு 25 படமும், ஐம்பதில் ஒரு செக்கன் திறப்பும் வைத்தால் மின்குமிழ்களின் துடிப்புப் படத்தில் விழாது. எடுத்த வேகத்தையே சுருக்கும்போதும் வைத்திருங்கள். 25ஐ 30 ஆக்கினால் ஆட்டம் தடுமாறும்.

பழைய வீ.எச்.எஸ். நாடாவில் இன்னொரு சங்கடம் உண்டு. அதில் ஒவ்வொரு படமும் ஒற்றை வரி, இரட்டை வரி என இரு பாதிகளாக, செக்கனுக்கு 50 பாதியாகப் பதிவாகியுள்ளது. அப்படியே கணினியில் ஓட்டினால் கையசைவில் சீப்புப் பற்கள் தெரியும். 'டீஇன்ரலேஸ்' என்ற தெரிவை இட்டு நீக்கவேண்டும். வடமோடியின் துரித மிதிகளாயின் 'பொப்' என்னும் தெரிவால் 50 முழுப் படமாக்குவதே நல்லது. 25 ஆக்கினால் கால்களின் ஓட்டத்தில் பாதி போய்விடும். நாலுக்கு மூன்று என்ற படத்தை அகலத் திரைக்கு இழுத்து எல்லோரையும் குண்டாக்குவது ஒரு காட்டுமிராண்டித்தனம். ஓரங்களில் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். 576 வரிப் படத்தை 1080 ஆகப் பெருப்பிப்பதால் அதில் இல்லாத விபரம் எதுவும் பிறவாது.

ஒலியைப் பலரும் மறந்துவிடுகின்றனர். பேச்சுக்கு ஏ.ஏ.சி. முறையில் 128 கிலோபிட் தாராளம். மத்தளமும் தாளமும் சேர்ந்து ஒலிக்கும்போது 192 கொடுங்கள். இல்லாவிடில் அண்ணாவியாரின் தாளம் தகரம்போல் கேட்கும்.

யூடியூப்பில் ஏற்றுவதாயின் கணக்கு வேறு. நீங்கள் எதை அனுப்பினாலும் அந்நிறுவனம் தானே மீண்டும் சுருக்கும். சுருக்கியதைச் சுருக்கினால் குறை இரட்டிக்கும். எனவே தாராளமாகக் கொடுக்கவேண்டும். 1080 வரி, 25 படத்துக்கு 8 மெகாபிட் என்பது அவர்களே கூறும் அளவு. வாட்ஸ்அப்பும் இவ்வாறே வீடியோவை நசுக்கும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். சொந்த இணையத்தளத்தில் வைப்போர் 'வெப் ஒப்டிமைஸ்ட்' என்ற பெட்டியில் அடையாளமிட்டால், கோப்பு முழுவதும் இறங்குமுன்பே படம் ஓடத் தொடங்கும். இரண்டு செக்கனுக்கு ஒரு முழுப் படம் வைத்தால், வேண்டிய இடத்துக்கு உடனே தாவவும் முடியும்.

இணையத்துக்கான சிறு கோப்பு வேறு, பாதுகாக்கும் பெரிய கோப்பு வேறு. நாடாவிலிருந்து முதலில் எடுத்த பெரிய கோப்பை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் வைக்கவும். மூல நாடாவை எறியவேண்டாம். வாவிக்கரை ஈரத்தில் நாடாவின் ஓரம் வெள்ளையாய்ப் பூத்திருந்தால் அதை இயந்திரத்தில் இடுவதும் கூடாது. பூஞ்சணம் தலைப்பில் ஒட்டி, அடுத்து இடும் நாடாவுக்கும் பரவும். துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் முதலில் காட்டிவிட்டு, அதன்பின் மாற்றலாம்.