நாடியினுள் உறையும் குருதி

நாடி என்னும் சொல் எம்மவர் வழக்கில் இரு பொருள் தாங்கி நிற்கின்றது. வைத்தியர் மணிக்கட்டிலே விரல் வைத்துப் பார்க்கும் துடிப்பும் நாடி. இதயத்தினின்றும் குருதியைக் கொண்டுசெல்லும் குழாயும் நாடி. பின்னதைத் தமிழகத்துப் பாடநூல்கள் தமனி என்று கூறும். எமது பாடநூல்களிலே அதனை நாடி என்றும், குருதியை இதயத்துக்கு மீட்டுக்கொணருங் குழாயை நாளம் என்றும் பயின்றோம். அந்நாடியினுள்ளே குருதி ஏன் உறைகின்றது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள். மருத்துவம் எமது துறையன்று. தமிழ் கற்பித்தலே எமது தொழில். ஆயினும் இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருட் பெரும்பாலார் நாற்பதைக் கடந்தவராதலின், இப்பொருள் அவர்க்கு இலக்கணத்தினும் அணித்தானது என்று கருதி எழுதத் துணிந்தோம்.

குருதி உறைதல் தன்னளவிலே தீயதன்று. கத்தி பட்ட விரலிலே சிறிது நேரத்தில் குருதி நின்றுவிடுகின்றது. குருதியில் ஒரு கன மில்லிமீற்றருக்கு ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரையிற் காணப்படும் சிறுதட்டுகள், காயம்பட்ட இடத்திலே ஓடிவந்து ஒட்டுகின்றன. பின்பு பைபிரின் என்னும் நார்ப்பொருள் வலைபோற் பின்னி அவற்றை இறுக்குகின்றது. இவ்வேற்பாடு இல்லையேல் பிள்ளைகள் விளையாட்டிற் பட்ட சிராய்ப்புக்கே மாண்டுபோவர். புறத்தே காயமில்லாதபோது, மூடிய குழாயினுள்ளே அதே செயல் நிகழ்வதுதான் கேடு.

அது நிகழ்தற்கு மூன்று வாயில்கள் உள என்பது மருத்துவ நூலார் கொள்கை: குழாய்ச் சுவரிற் சேதம், ஓட்டத்திற் குறை, குருதியின் தன்மையில் மாற்றம். இம்மூன்றும் ஜேர்மனிய அறிஞர் உருடோல்வ் வேர்ச்சோவின் பெயரால் வழங்குகின்றன. அவர் தம் ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது 1856 ஆம் ஆண்டு. (அவ்வாண்டிலே மானிப்பாயில் மேனாட்டு வைத்தியம் கற்பித்துக்கொண்டிருந்தவர் வைத்தியர் கிறீன். பிற்காலத்தில் அதனைத் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டு, எமக்குக் கலைச்சொற்கள் பல தந்த பெருமகனாதலின் அவரை ஒரு கணம் நினைவுகூர்ந்து மேற்செல்வோம்.) நாளத்தில் உறைதற்குப் பெரும்பாலும் ஓட்டக் குறைவே காரணம், நெடுநாட் படுக்கையிற் கிடப்போர் காலில் வருவது அது. நாடியிலோ ஓட்டம் விசையுடையது. ஆகவே அங்கே முதற்காரணமாய் நிற்பது சுவரின் சேதமேயாம்.

இச்சேதம் எங்ஙனம் உண்டாகின்றது? நாடியின் உட்புறத்தை அகவணி என்னும் மெல்லிய படலம் போர்த்திருக்கின்றது. அது சிறுதட்டுகளை ஒட்டவிடாது காக்கும் பொருள்களைத் தானே சுரக்கின்றது. புகை, மிகுந்த அழுத்தம், குருதியில் மிகுந்த சீனி ஆகியவற்றால் அப்படலம் நலிந்தால், கொலஸ்திரோலைச் சுமந்து திரியும் துணிக்கைகள் சுவரினுட் புகுந்து தங்குகின்றன. அவற்றை விழுங்கவந்த வெண்கலங்கள் விழுங்கியபடியே அங்குச் செத்துக் குவிகின்றன. அக்குவியலின்மேல் நார் மூடியொன்று வளர்கின்றது. இவையெல்லாம் பல ஆண்டுகளாக, நோவு சிறிதுமின்றி நடைபெறுவன. கொரியப் போரில் மாண்ட அமெரிக்கப் படைவீரர் 300 பேரின் இதயங்களை அறுத்துப் பார்த்தபோது, அவர்தம் சராசரி வயது 22 ஆகவும், 77 வீதத்தினரின் இதய நாடிகளிலே நோயின் அடையாளம் காணப்பட்டதென 1953 இல் எழுதினர். ஆகவே இது முதுமையிற் பிறக்கும் நோயன்று. முதுமையில் வெளிப்படும் நோய்.

ஈண்டு ஒரு பிழைக் கருத்தை நீக்கவேண்டும். துருப்பிடித்த நீர்க்குழாய் சிறிது சிறிதாய் அடைபடுதல்போல நாடியும் அடைபட்டு, முற்றாக அடைபட்ட நாளில் மாரடைப்பு வரும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. குழாயை அதிகம் ஒடுக்காத படிவொன்றின் நார் மூடி ஒருநாள் திடீரெனக் கிழிகின்றது. உடல் அதனைக் காயமென்றே கொள்கின்றது. சிறுதட்டுகள் ஓடிவருகின்றன, விரலைக் காத்த அதே செயல் சில நிமிடங்களில் நாடியை மூடிவிடுகின்றது. இக்கட்டி மாரடைப்பின் காரணமோ விளைவோ என்று மருத்துவர் நெடுநாள் வழக்கிட்டனர். 1980 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நோவு தொடங்கி நான்கு மணித்தியாலத்துள் படமெடுக்கப்பட்ட 126 பேரில் 110 பேருக்கு நாடி முற்றாக அடைபட்டிருந்தமை கண்டபின்னரே அவ்வழக்கு ஓய்ந்தது. நேற்றுவரை தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர் இன்று காலை விழுந்துபடுதல் இதனாலேயே.

இனிக் காரணம் வேறு, ஆபத்துக் காரணி வேறு என்பதை உணர்தல் வேண்டும். காரணி உள்ளார் எல்லார்க்கும் நோய் வரும் என்பதில்லை. வருவதற்கு வாய்ப்பு மிகும் என்பதே பொருள். அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 1948 இலே 5209 பேரைத் தெரிந்து, ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்களே இச்சொற்றொடரை 1961 இல் வழக்கிற் கொணர்ந்தனர். "எங்கள் பாட்டனார் தொண்ணூறு வயதுவரை சுருட்டுக் குடித்தார்" என்று வாதிடுவோர் எமது ஊரில் மிகப் பலர். அதே சுருட்டால் ஐம்பதில் மடிந்தவர் வந்து எதிர்வாதம் புரிவதில்லை என்பதை அவர் மறந்துவிடுகின்றனர்.

புகையிலையைப் பற்றி யாழ்ப்பாணத்தில் எழுதுவது சங்கடமான காரியம். ஒரு காலத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரித்ததும், பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தாங்கியதும் அப்பயிரே. ஆயினும் உண்மை உண்மையே. புகை அகவணியை நலிவிக்கின்றது. சிறுதட்டுகளை ஒட்டுந்தன்மை மிக்கனவாக்குகின்றது. உறைதற்கு வேண்டும் பொருளையும் பெருக்குகின்றது. நாளொன்றுக்கு ஒரு சிகரெட்தானே என்பார்க்கு, இருபது பிடிப்பவர்க்குள்ள மேலதிக ஆபத்தின் ஏறக்குறைய அரைப்பங்கு அவ்வொன்றிலேயே உண்டென 2018 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பேர்கர் என்பார் 1908 இல் விரித்துரைத்த நோய் இதனினுங் கொடிது. புகைக்கும் இளைஞரின் கை கால்களிலுள்ள சிறு நாடிகள் அழன்று, உட்குருதி உறைந்து, விரல்கள் கறுத்து அழுகும். புகையிலையை அறவே விட்டார்க்கு அது பெரும்பாலும் தணியும். விடாதார் விரலையும் பின் காலையும் இழப்பர். மருந்து எதுவும் அவ்விடுதலுக்கு ஈடாகாது.

உயர் குருதியமுக்கம், நீரிழிவு, கொலஸ்திரோல் மிகுதி, வயிற்றுப் பருமன், உடலுழைப்பின்மை என்பன யாவரும் அறிந்தவை. தேங்காயெண்ணெய் குருதியின் தீய கொலஸ்திரோலை உயர்த்துமென்று ஆய்வுகள் கூறுகின்றன. சொதியைக் கைவிடுக என்று எழுத எமக்கு மனம் வரவில்லை. அளவறிந்து உண்க என்பதோடு அமைவோம். மரபும் ஒரு காரணி: தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ 55 வயதுக்கு முன், தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ 65 வயதுக்கு முன் இதய நாடி நோய் வந்திருப்பின் விழிப்பு வேண்டும். தென்னாசியராய்ப் பிறந்தமையும் இவற்றோடு எண்ணத்தக்கது. இலங்கையும் உட்பட 52 நாடுகளிற் செய்யப்பட்ட பேராய்வொன்று, தென்னாசியர் முதன் மாரடைப்பை 53 வயதளவிலும், ஏனையோர் 59 வயதளவிலும் அடைவதாகக் கண்டது. காரணிகள் எம்மிடையே இளவயதிலேயே வந்துசேர்வதே அதன் பெருங் காரணமென்பர்.

கட்டி எப்போதும் அடைத்த இடத்திலேயே பிறந்ததாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறினாலும், இளமையில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு ஒடுங்கினாலும், இதய அறையிலே குருதி தேங்கி உறையும். அக்கட்டி பெயர்ந்து ஓடி மூளையையோ காலையோ சென்றடைக்கும். கடுந்தொற்று நோய்களும் உறையுந்தன்மையை மிகுவிப்பன. 2020 முதற் பரவிய கோவிட் அதனை உலகறியக் காட்டிற்று.

நெஞ்சிலே பாரம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, வியர்வை என்பன கண்டால் எம்மவர் முதலிற் சொல்வது "வாய்வு" என்பதே. இஞ்சியும் உள்ளியும் இடிபடுகின்றன. பொன்னான முதல் மணித்தியாலம் கழிந்துவிடுகின்றது. நீரிழிவுடையார்க்கும் பெண்டிர்க்கும் நோவின்றி இளைப்போ குமட்டலோ மட்டுமே தோன்றுதலும் உண்டு. முகங்கோணல், கை தளர்தல், பேச்சுக் குழறல் மூளை நாடியின் அடையாளங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அங்கே நாலரை மணித்தியாலமே பொதுவான எல்லை. கால் திடீரெனக் குளிர்ந்து வெளிறி நாடித்துடிப்பு இல்லாதொழியின் ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துள் அதனை மீட்டல் வேண்டும். 2018 இல் வட மாகாணத்துக்கும் வந்த 1990 நோயாளர் வண்டியை அழைப்பதே உடன் செய்யத்தக்கது. பக்கவாதக் குறி கண்டவர்க்கு வீட்டிலே அஸ்பிரின் கொடுத்தலாகாது. குழாய் அடைபட்டதோ வெடித்ததோ என்பது படமெடுத்தாலன்றித் தெரியாது. குறி தோன்றிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்க. வைத்தியசாலை வாயிலில் முதலிற் கேட்கப்படும் வினாக்களுள் அதுவும் ஒன்று.