மிதியை அணைத்த பின்னும் சீறும் கிதார்

சென்ற ஆண்டு நம் சங்க விழாவில் தோழி ஒருவர் தாலாட்டுப் பாடினார். கிதார் வாசித்தவன் அடியேன். ஃபஸ் மிதியை அணைத்துத்தான் வைத்திருந்தேன். ஆயினும் பாட்டின் இடைவெளிதோறும் 'உஸ்' என்ற இரைச்சல் எழுந்தது. அவர் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

காரணம் யாது? மிதியை அணைத்தால் கிதாரின் ஒலிக்குறி நேர்வழியே செல்லுமேயன்றி, உள்ளிருக்கும் பெருக்கி உறங்குவதில்லை. தன் இரைச்சலையே பன்மடங்காகப் பெருக்கிக்கொண்டிருக்கும். ஸ்விட்சின் முனைகளுக்கும் நெருங்கி ஓடும் கம்பிகளுக்கும் இடையேயுள்ள சிறு மின்தேக்குத்திறன் வழியாக அது நேர்வழிக்குள் கசிகிறது.

கசியுமுன் தரைக்கு இறக்கிவிடலாம். ஒலியளவுக் குமிழை அடுத்து 10,000 ஓம் மின்தடையைத் தொடராக இணைத்து, அதன் மறுமுனையில் பி.சி. 547 போன்ற என்.பி.என். டிரான்ஸிஸ்டரின் கலெக்டரைச் சேர்க்க, எமிட்டர் தரைக்கு. ஸ்விட்சின் மூன்றாம் பிரிவு, மிதி அணையும்போது 9 வோல்ட்டை இன்னொரு 10,000 ஓம் வழியே பேஸுக்கு அனுப்பட்டும். ஏறத்தாழ 0.8 மில்லி ஆம்பியர் ஓடும். அப்போது டிரான்ஸிஸ்டரின் தடை 10 ஓம் எனக் கொண்டால், இரைச்சல் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது 60 டெசிபல் குறைவு.

ஒன்று கவனிக்க. மிதி இயங்கும்போது பேஸ் தரை மட்டத்தில் இருக்கும். ஒலிக்குறி எதிர்த்திசையில் 0.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், கலெக்டர்-பேஸ் சந்தி கடத்தத் தொடங்கி அலையின் அடியை நறுக்கிவிடும். ஃபஸ் ஒலிக்கு இதுவும் ஒரு குறையா என்பீர்கள்! இருப்பினும் குமிழை அரை வோல்ட்டுக்குள் நிறுத்துவதே நல்லது. பேஸுக்கும் தரைக்கும் இடையே 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்தால், மிதிக்கும்போது எழும் 'டப்' ஓசையும் தணியும்.

இவ்வாண்டு விழாவுக்கும் அதே தாலாட்டைத்தான் கேட்டிருக்கிறேன். தோழி இன்னும் சம்மதிக்கவில்லை.