வியாழக்கிழமை லீவும் ஒரு கிராங்க் ஷாஃப்டும்

அன்புள்ள நித்யா,

கரண்ட் அதிகம் செலவழிக்கிற நாடுதான் பணக்கார நாடா என்று கேட்டிருந்தாய். பாதி சரி. மீதிப் பாதிக்குப் புனேயைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

இங்கே பிம்ப்ரி சிஞ்ச்வடு ஆலைகளுக்கு வார விடுமுறை ஞாயிறு அல்ல, வியாழன். எல்லா ஊர் ஆலைகளும் ஒரே நேரத்தில் மின்சாரத்துக்கு முட்டிக்கொள்ளாமல் இருக்க ஆளுக்கொரு கிழமை ஒதுக்கினார்கள். 2006இல் தட்டுப்பாடு முற்றியபோது பெரிய ஆலைகள் சொந்த ஜெனரேட்டர்களை ஓட்டி, ஏறக்குறைய 90 மெகாவாட்டை ஊருக்கு விட்டுக்கொடுத்தன. அந்தக் கூடுதல் எரிபொருள் செலவு, அதிகம் மின்சாரம் செலவழிக்கும் வீடுகளின் பில்லில் ஏறியது. கரண்ட் போனால் வருமானம் போகும் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இனி அந்த மீதிப் பாதி. புனேயின் முண்ட்வாவில் இருக்கும் பாரத் ஃபோர்ஜ் 1961இல் தொடங்கியது. அமெரிக்க, ஐரோப்பிய லாரிகளுக்கு இங்கிருந்து கிராங்க் ஷாஃப்டும் ஆக்ஸிலும் போகின்றன. ஃபோர்ஜிங் பட்டறை எதுவானாலும் வேலை ஒன்றுதான்: உருக்குக் கட்டியை 1200 டிகிரிக்கு மேல், மஞ்சளாய் ஒளிரும்வரை காய்ச்சி, டை என்கிற அச்சுக்குள் வைத்து அடிப்பது. ஒரு டன்னைச் சூடேற்றக் கணக்குப்படி 230 யூனிட் போதும். மின்சார உலையில் 400 வரை இழுக்கும். அடிக்கும்போது ஓரமாய்ப் பிதுங்குவதை ஃபிளாஷ் என்பார்கள். அதுவும் அதே சூடு வாங்கியதுதான், ஆனால் வெட்டிப் பழைய இரும்புக்குப் போய்விடும். அந்தச் சூட்டுக்கு யாரும் காசு தருவதில்லை.

நாட்டு வருமானத்தில் ஏறுவது கிராங்க் ஷாஃப்டின் முழு விலையும் அல்ல. உருக்கு உருவாகத் தேவையான கோக்கிங் நிலக்கரியில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு, முக்கியமாக ஆஸ்திரேலியாவிலிருந்து. கச்சா எண்ணெயிலும் 85 சதவீதத்துக்கு மேல் வாங்குகிறோம். வாங்கியதைக் கழித்தபின் நம் உழைப்பும் நுட்பமும் கூட்டிய மதிப்புதான் நம் கணக்கு. இதே ஊரின் ஹிஞ்சவடியில் மென்பொருள் எழுதி ஏற்றுமதி செய்கிறவர்களுக்குக் கழிக்க அதிகமில்லை; அதே ஒரு யூனிட் அங்கே பல மடங்கு சம்பாதிக்கும். அதற்காகப் பட்டறையை மூடச் சொல்லவில்லை. லாரி ஓட யாராவது ஒருவர் இரும்பைக் காய்ச்சத்தானே வேண்டும்!

காய்ச்சுவது நாம் என்றால் எரிபொருளும் நம் பெயரில்தான் பதிவாகும். லாரி ஓடுவதோ அமெரிக்காவில். ஆகவே பணக்கார நாடுகள் ‘வருமானம் ஏறியது, எரிசக்தி குறைந்தது’ என்று மார்தட்டினால், அவர்கள் துறைமுகத்தில் என்ன இறங்குகிறது என்றும் பார். ஐரோப்பிய ஒன்றியமே இப்போது அதைப் பார்க்கிறது: 2026 ஜனவரி முதல், இறக்குமதியாகும் உருக்குக்கும் அலுமினியத்துக்கும் அவற்றைத் தயாரித்தபோது வெளியான கரியமில வாயுவைக் கணக்கிட்டு விலை வைக்கிறது. முதல் பட்டியலில் போல்ட்டும் ஸ்க்ரூவும் உண்டு. கிராங்க் ஷாஃப்ட் இல்லை. ஐரோப்பாவுக்கு அனுப்பும் சின்ன போல்ட் பட்டறைக்காரர்கூட, தான் வாங்கிய உருக்கு எந்த ஆலையில் எப்படி வார்த்தது என்று காகிதம் காட்டவேண்டும்.

உன் பாடநூலில் நாடுவாரியான எரிசக்தி அட்டவணை இருக்குமே, அதன் பக்கத்தில் ஏற்றுமதி அட்டவணையையும் வைத்துப் படி. புரியாத இடத்தைக் குறித்து அனுப்பு.

அன்புடன்,
மாமா