பன்னிரண்டு என்றால் எது பன்னிரண்டு?

எங்கள் பள்ளியில் தையல், கைவேலைப் பொருள்கள் வைத்திருக்கும் மர அலமாரி ஒன்று உண்டு. தையல் ஆசிரியை வேறு பள்ளிக்கு மாறிச் சென்றபோது, அந்த அலமாரியின் சாவியும் இருப்புப் பதிவேடும் கணக்கு ஆசிரியையான என்னிடம் வந்தன. கணக்கு டீச்சர்தானே, கணக்கைச் சரியாக வைத்திருப்பார் என்று தலைமையாசிரியர் நினைத்திருக்கலாம். நான் வைத்திருந்த லட்சணத்தையும், அதனால் ஒரு குழந்தை பட்ட பாட்டையும், பிறகு மாணவர்களோடு சேர்ந்து செய்த மாற்றத்தையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

பதிவேட்டில் ஒரு வரி: “சிவப்பு நூல் – 12”. ஜூன் மாதம் எண்ணிப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். நவம்பரில் கைவினைக் கண்காட்சிக்காக அலமாரியைத் திறந்தபோது ஏழு நூல்கண்டுகள்தான் இருந்தன. சாவியை வாங்கிப் போய் நூல் எடுத்து வரும் பொறுப்பு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் இருந்தது. மதுரைக்குத் தெற்கே நிலையூர் கைத்தறி நகர்ப் பக்கத்திலிருந்து வருபவள். வீட்டில் தறி உண்டு. நூலைச் சிக்கலாக்காமல் கையாளுவாள் என்று நானே கொடுத்த பொறுப்பு.

“மீதி அஞ்சு எங்கம்மா?” என்று வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் அவளுடைய அப்பா வந்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். அந்த வரியை இரண்டு முறை படித்தார். “டீச்சர், பன்னிரண்டுன்னா எது பன்னிரண்டு? கண்டா, சிட்டமா, கிராமா?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

“நாங்க நூலை எடை போட்டு வாங்குறோம். சேலையையும் கழிவு நூலையும் எடை போட்டுத்தான் திருப்பிக் கொடுக்குறோம். கண்டை எண்ணிக் கணக்கு வச்சா எங்க பொழப்பு என்னாகிறது?” என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். தேதி, வாங்கிய நூல், கொடுத்த துணி, கழிவு என்று நான்கு பத்திகள் கட்டமாகக் கோடு போட்டு எழுதப்பட்டிருந்தன.

எடை சொன்ன உண்மை

அறிவியல் ஆய்வகத் தராசைக் கொண்டுவந்தோம். பதிவேட்டில் ஒட்டியிருந்த பழைய ரசீதில், ஒரு கண்டு 25 கிராம் வீதம் 12 கண்டு என்று இருந்தது. ஆக மொத்தம் 300 கிராம். இருந்த ஏழு கண்டுகளின் எடை 246 கிராம். அலமாரியின் மேல்தட்டில் பாதி பின்னிய குரோஷே விரிப்பு ஒன்று கிடந்தது. அது 47 கிராம். இரண்டும் சேர்ந்தால் 293. “ஏழு கிராம் வெட்டுன துணுக்குல போயிருக்கும் டீச்சர்” என்றார் அவர். முந்தைய ஆசிரியையிடம் தொலைபேசியில் கேட்டேன். பாதி தீர்ந்த கண்டுகளைப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிவைத்ததாகச் சொன்னார். பன்னிரண்டு ஏழாகியிருந்தது, நூல் எங்கும் போகவில்லை.

மறுநாள் அந்தக் குழந்தையிடம் அதே வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். கேட்டது போதுமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் புரிந்தது. அலகு இல்லாத எண், பதிவேட்டில் இருந்தாலும் அது கணக்கு அல்ல. அப்படிப்பட்ட கணக்கு தவறும்போது பழி விழுவது சாவி வைத்திருக்கும் பிள்ளையின் மேல்தான்.

அட்டவணை அமைத்தோம்

உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்களோடு விரிதாளில் ஒரு நூல் இருப்புப் பட்டியலைத் தொடங்கினோம். ‘தகவல் செயலாக்கம்’ பாடத்தின் செயல்பாடாகவே அதைச் செய்தோம்.

முதல் தாளில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரி. பத்திகள் இவை: அடையாள எண், நூலின் வகை (பருத்தி, கம்பளி, அக்ரிலிக், எம்பிராய்டரி), நிறம், லேபிளில் உள்ள நிற எண், லாட் எண், நூல் நம்பர், தொடக்க எடை கிராமில், அலமாரித் தட்டு, வந்த நாள். அடையாள எண்ணைச் சிறு அட்டையில் எழுதி அந்தந்தப் பையில் கட்டினோம்.

இரண்டாம் தாள் வரவு–செலவு. தேதி, அடையாள எண், எடுத்தது, திரும்பி வந்தது, எதற்காக என்று ஐந்தே பத்திகள். இருப்பை யாரும் கையால் எழுதுவதில்லை. தொடக்க எடையோடு திரும்பி வந்ததைக் கூட்டி, எடுத்ததைக் கழிக்கும் சூத்திரம் அதைக் காட்டும். புதிதாக வாங்கும் நூலுக்கு முதல் தாளில் புதிய வரி. பழைய எண்ணில் அதைச் சேர்ப்பதில்லை.

லாட் எண் எதற்கு என்று மாணவர்கள் கேட்டார்கள். ஒரே நிற எண்ணாக இருந்தாலும் வெவ்வேறு முறை சாயம் போட்ட நூல்களில் நிறம் சற்று மாறும். கண்டாகப் பார்க்கும்போது தெரியாத வித்தியாசம், பின்னி முடித்த பிறகு கோடு போட்டாற்போல் தெரியும். ஒரு வேலையைத் தொடங்குமுன் ஒரே லாட்டில் போதுமான நூல் இருக்கிறதா என்று பட்டியலில் பார்த்துக்கொண்டால், பாதியில் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

நிறத்துக்கு எத்தனை பெயர்!

நிறப் பத்தியில்தான் பெரிய சண்டை. ஒருவர் ‘அரக்கு’ என்று எழுதினார், இன்னொருவர் அதையே ‘அரக்குச் சிவப்பு’ என்றார், மூன்றாமவர் ‘மெரூன்’. நமக்கு மூன்றும் ஒன்று. கணினிக்கு மூன்றும் மூன்று நிறங்கள். அரக்கு நூல் எவ்வளவு இருக்கிறது என்று வடிகட்டிப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. தரவைச் சீராக எழுதுவது ஏன் முக்கியம் என்பதை நான் விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வகுப்பே கூடி நிறப் பெயர்களை முடிவு செய்தது. வீட்டில் அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டு வந்தார்கள். மயில் கழுத்து, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, எம்.எஸ். நீலம். கடைசிப் பெயர் 1916-இல் மதுரையில் பிறந்த இசைக்கலைஞர் எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய சேலை நிறத்தால் வந்தது என்று சொன்னபோது வகுப்பில் வியப்பு. முடிவான பெயர்களைக் கீழ்விரி பட்டியலாக விரிதாளில் அமைத்தோம். அதிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும். புதிதாகத் தட்டச்சு செய்ய முடியாது. ஒவ்வொரு நூலையும் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் படம் எடுத்து, அடையாள எண்ணையே படத்துக்கும் பெயராக இட்டோம். குழல் விளக்கின் கீழ் எடுத்த படங்களில் நீலமும் ஊதாவும் குழம்பிவிட்டன.

நூல் நம்பரும் எதிர் விகிதமும்

அந்தத் தந்தை கேட்டதற்கிணங்க ஒருநாள் வகுப்புக்கு வந்து சிட்டா நூலைக் காட்டினார். 40-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர் என்கிறார்களே, அதன் பொருள் என்ன? 840 கெஜ நீளமுள்ளது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே பருத்தி நூலின் நம்பர். நம்பர் கூடக்கூட நூல் மெலிதாகும்.

மாணவர்கள் ஒரு சிட்டத்தின் எடையைக் கணக்கிட்டார்கள்:

20-ஆம் நம்பர் – 22.7 கிராம்
40-ஆம் நம்பர் – 11.35 கிராம்
80-ஆம் நம்பர் – 5.7 கிராம்
100-ஆம் நம்பர் – 4.5 கிராம்

நம்பரையும் எடையையும் பெருக்கினால் எப்போதும் ஏறத்தாழ 454. எதிர் விகிதத்துக்கு ‘ஆட்கள் – நாட்கள்’ கணக்கை மட்டுமே சொல்லிவந்த எனக்கு, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது.

அடுத்து, எடையிலிருந்து நீளம். எடை கிராமில், அதை நூல் நம்பரால் பெருக்கி, மீண்டும் 1.69-ஆல் பெருக்கினால் நீளம் மீட்டரில் கிடைக்கும். 40-ஆம் நம்பர் நூல் 50 கிராம் என்றால் 3,380 மீட்டர். “மூணு கிலோமீட்டருக்கு மேலயா!” என்று ஒரு பையன் வாயைப் பிளந்தான். இந்தச் சூத்திரத்தையும் விரிதாளில் சேர்த்தோம். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். 2/40 என்று எழுதியிருந்தால் இரண்டு இழை முறுக்கிய நூல் என்று பொருள். கணக்குக்கு அதை 20-ஆம் நம்பராகக் கொள்ள வேண்டும். கம்பளிக்கும் அக்ரிலிக்குக்கும் இந்தச் சூத்திரம் பொருந்தாது. அவற்றுக்கு லேபிளில் உள்ள நீளத்தையே பயன்படுத்துகிறோம்.

நூலும் கணக்கும் பள்ளிக்குப் புதியவை அல்ல. 1937-இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்தில் நூற்பும் நெசவும் பாடங்களைக் கற்பிக்கும் வழிகளாக வைக்கப்பட்டன. நம் மாவட்டத்தின் டி. கல்லுப்பட்டியில் 1940-இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் அந்த வழியில் வந்ததுதான். நாம் சேர்த்தது கணினியை மட்டுமே.

மழைக்காலத்தில் கூடிய எடை

மாதம் ஒருமுறை அலமாரியில் உள்ளதை எடை போட்டுப் பட்டியலோடு ஒப்பிடுகிறோம். நல்ல மழை பெய்த ஒரு வாரத்தில், புதிதாக எதுவும் வாங்காமலேயே பருத்தி நூல்களின் எடை கூடியிருந்தது. “நூல் குட்டி போட்டுச்சா டீச்சர்?” என்றார்கள். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். முழுவதும் உலர்ந்த 100 கிராம் பருத்தி 8.5 கிராம் ஈரத்தைக் கொண்டிருப்பதாக வைத்தே நூல் வணிகத்தில் எடை கணக்கிடுகிறார்கள். மழைக்காலத்தில் கூடும், சித்திரை வெயிலில் குறையும்.

எடையை நம்பித்தான் இந்தப் பட்டியலையே தொடங்கினோம். அந்த எடையும் சற்று அசையும் என்பதை மாணவர்கள் தாங்களே கண்டார்கள். 100 கிராமுக்கு 3 கிராம் வரை வித்தியாசம் வந்தால் அதை இயல்பு என்று கொள்வது, அதற்கு மேல் போனால் முதலில் தராசையும், பிறகு பதிவுகளையும், அதன் பிறகே ஆட்களையும் கேட்பது என்று வகுப்பில் முடிவு செய்தோம். அந்த வரிசையைச் சொன்னது ஒரு மாணவர். நவம்பரில் நான் அதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

நீங்களும் தொடங்கலாம்

முழு அலமாரியையும் ஒரே நாளில் பட்டியலிட முயல வேண்டாம். ஒரு தட்டு, பத்துப் பதினைந்து நூல்கள் போதும். எடுக்கும்போதே பதிய வேண்டும். ஆண்டு இறுதிக்குத் தள்ளிவைத்தால் அது ஊகமாகிவிடும். எடை போடுபவர் ஒருவர், படித்துப் பதிபவர் ஒருவர் என்று எப்போதும் இருவராக அனுப்புங்கள். தனியாக ஒரு பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால், குறையையும் அந்தப் பிள்ளையே தனியாகச் சுமக்க நேரும். கணினிப் பட்டியல் அலுவலகப் பதிவேட்டுக்கு மாற்று அல்ல. மாதந்தோறும் அச்சிட்டு, கையெழுத்திட்டுப் பதிவேட்டில் ஒட்டுகிறோம். கோப்பின் நகல் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறோம்.

நூல் இல்லாத பள்ளிகளில் விளையாட்டுப் பொருள்கள், ஆய்வக வேதிப்பொருள்கள், நூலகப் புத்தகங்கள் என்று எதிலும் இதைச் செய்யலாம். அந்தப் பொருளுக்குச் சரியான அலகு எது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

அந்த மாணவி அட்டவணை வேலையில் முதல் நாளிலிருந்தே இருந்தாள். ‘கழிவு நூல்’ என்று தனியாக ஒரு பத்தி வேண்டும் என்று சொல்லி அதைச் சேர்க்க வைத்தவள் அவள்தான். ஆனால் அலமாரிச் சாவியை நீட்டியபோதெல்லாம் வேறு யாரிடமாவது கொடுக்கச் சொன்னாள். நானும் வற்புறுத்தவில்லை. பிப்ரவரியில் ஒருநாள், தன் தோழியையும் அழைத்துக்கொண்டு வந்து, “ரெண்டு பேரா போறோம் டீச்சர்” என்று கேட்டு வாங்கிப் போனாள்.