அரிக்கமேட்டின் வயது என்ன?

போலகத்து மாணவர் ஒருவர் இரண்டு வரலாற்று நூல்களுடன் வந்தார். "ஐயா, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு எப்போது தோன்றியது? இரண்டும் வேறு வேறு விடை சொல்கின்றனவே!"

முதல் நூலின் அடிக்குறிப்பைப் பார்க்கச் சொன்னேன். 'ஏன்ஷியன்ட் இந்தியா', 2ஆம் இதழ், 1946 என்றிருந்தது. 1945இல் அங்கு அகழ்ந்த மார்ட்டிமர் வீலரின் அறிக்கை அது. இத்தாலியில் செய்யப்பட்ட 'அரிட்டைன்' என்னும் சிவந்த மட்கலத்தின் ஓடுகள் அங்கே கிடைத்தன. அதன் காலம் ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்தது. ஆகவே அதே மண்ணடுக்கில் கிடைத்த நம் நாட்டு ஓடுகளின் காலத்தையும் கணிக்க முடிந்தது. தெரிந்த எடைக்கல்லால் தெரியாத பொருளை நிறுப்பது போலத்தான்! கிறிஸ்து பிறப்பையொட்டிய ஆண்டுகளில் ஊர் தோன்றியது என்றார் வீலர்.

இவ்வறிக்கையை நூலகத்தில் வீலர் பெயரில் தேடினால் அகப்படாமல் போகலாம். இது தனி நூலன்று, இதழில் வந்த கட்டுரை. இதழின் பெயரையும் எண்ணையும் சொல்லிக் கேட்க வேண்டும். இது தெரியாமல் நானே ஒரு பகல் முழுவதும் அட்டைகளைப் புரட்டியிருக்கிறேன்.

இரண்டாவது நூல் விமலா பெக்லியைச் சுட்டியது. 1989 முதல் 1992 வரை மறுபடியும் அகழ்ந்தவர் அவர். ரோமானிய வணிகம் வருமுன்பே, கி.மு. 2ஆம் நூற்றாண்டிலோ அதற்கு முன்போ, அங்கே மக்கள் குடியிருந்தனர் என்பது அவர் முடிவு. அவரது அறிக்கை 1996, 2004 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

மாணவர் முதல் நூலின் முகப்பைத் திருப்பினார். வெளியான ஆண்டு 1975! அதன் ஆசிரியர் பெக்லியை எப்படி அறிந்திருப்பார்?