பொய் சொன்ன கடிகாரம்

ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது வந்த விண்ணப்பத்தை, ஐந்து மணி கடந்து வந்தது என்று தள்ளிவிட்டால் என்ன ஆகும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. கல்வி உதவித்தொகையை நம்பி ஊரை விட்டு வந்த பிள்ளைக்கோ ஓராண்டுப் படிப்பே போய்விடும். அப்படி ஒரு நிகழ்ச்சியைச் சென்ற கோடை விடுமுறையில் தில்லியில் நேரில் கண்டேன். அதில் குற்றவாளி மனிதர் அல்லர். கணிப்பொறிக்குள் ஓடிய ஒரு கடிகாரம். அதன் குற்றத்தைக் கண்டுபிடித்த வழியை நம் மன்ற நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை. நாளை நம்மில் பலர் அலுவலகக் கணிப்பொறிகளைக் காக்கும் பொறுப்பில் அமரப் போகிறவர்கள் அல்லவா?

உதவித்தொகை வழங்கும் ஓர் அலுவலகத்தின் கணிப்பொறிப் பிரிவில் இரண்டு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் முடிந்து மூன்றாம் நாள், ஜார்க்கண்டிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி அழாத குறையாக வந்து நின்றாள். கட்டணம் செலுத்திய வங்கி ரசீதில் மாலை 4 மணி 55 நிமிடம் என்று இருந்தது. இரண்டு நிமிடத்தில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். எங்கள் சர்வரின் பதிவோ 5 மணி 3 நிமிடம் என்றது. "கணிப்பொறி பொய் சொல்லாது" என்று எழுத்தர் முடித்துவிட்டார்.

நானும் உதவித்தொகையில் படிப்பவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன். அவள் முகத்தைப் பார்த்த எனக்கு மனம் கேட்கவில்லை. அப்போது வேறொன்றும் நினைவுக்கு வந்தது. சில வாரங்களாகவே அந்தச் சர்வருக்குள் நுழைய முடியவில்லை என்று அலுவலர்கள் முறையிட்டு வந்தார்கள். கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தும் பயன் இல்லை. இரண்டு குறைக்கும் வேர் ஒன்றாக இருக்குமோ? பிரிவின் தலைவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். வயதில் மூத்தவர், அன்புள்ளவர். "முதலில் அளந்து பார், பேட்டா. அளக்காமல் எதையும் தொடாதே" என்றார்.

அளந்தேன். விண்ணப்பம் வாங்கும் சர்வரின் கடிகாரம் சரியாக 6 நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது!

கணிப்பொறிக்கு ஏன் நேரம் தவறுகிறது? அதற்குள் அதிர்ந்துகொண்டிருப்பது ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். விநாடிக்கு 32,768 முறை அதிரும்படி செய்யப்பட்ட படிகமே கைக்கடிகாரத்திலும் உண்டு. கணிப்பொறியின் மின்கலக் கடிகாரத்திலும் உண்டு. வெப்பம் மாறினால் அதிர்வும் சற்றே மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு நாளுக்கு 86,400 விநாடி. எனவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 விநாடி தவறும். தனியே விடப்பட்ட எந்தக் கடிகாரமும் மெல்ல மெல்லத் தன் வழியே போய்விடும்.

ஆளுக்கொரு நேரம் இருந்தால் வரும் துன்பம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1906 ஜனவரி முதல் நாள் இந்திய நேரம் வருமுன், பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம், ரயில்களுக்குச் சென்னை நேரம் என்று வழங்கியது. சென்னை மணி பம்பாய் மணியைவிடச் சுமார் அரைமணி முந்தியது. பம்பாய்க்காரர் ஊர்மணியை நம்பி நிலையத்துக்கு வந்தால் வண்டி போயிருக்கும். இன்று ஒரே அறையில் இருக்கும் இரண்டு சர்வர்கள் பம்பாயும் சென்னையுமாக இருந்தால் விண்ணப்பம் போய்விடுகிறது!

இதற்குக் கண்ட மருந்துதான் என்டிபி என்னும் நேர ஒழுங்குமுறை. டெலவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் வகுத்தது. 1985-இல் அதன் முதல் விதிமுறை வெளிவந்தது. ஒரு கணிப்பொறி மற்றொன்றிடம் மணி கேட்கிறது. விடை வந்து சேர்வதற்குள் சிறிது நேரம் கழிந்துவிடுமே, அதை எப்படிக் கழிப்பது? ஒரு கணக்கால் விளக்குகிறேன். என் கடிகாரம் 100-ஆம் விநாடியைக் காட்டும்போது கேள்வியை அனுப்புகிறேன். ஆசிரியர் தம் கடிகாரத்தில் 110-இல் பெற்று 111-இல் விடை அனுப்புகிறார். என் கடிகாரத்தில் 105-இல் அது வந்து சேர்கிறது. நான் காத்திருந்தது 5 விநாடி. அவர் வைத்திருந்தது 1 விநாடி. ஆகவே வழியில் போனது 4 விநாடி. போகும்போது கண்ட வேறுபாடு 10, வரும்போது கண்டது 6. இரண்டின் சராசரி 8. நான் 8 விநாடி பிந்தியிருக்கிறேன். போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு நேரம் எடுக்கும் என்பதே இக்கணக்கின் அடிப்படை.

அந்த ஆசிரியருக்கு ஆசிரியர் யார்? அவருக்கும் மேலே யார்? இவ்வாறு ஏறிப் போனால் அணுக்கடிகாரத்தில் முடியும். சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகளே ஒரு விநாடி என்று 1967-இல் உலகம் ஒப்புக்கொண்டது. இந்திய நேரத்தைக் காப்பது இதே தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர் கே. எஸ். கிருஷ்ணன் நம் வத்திராயிருப்பில் பிறந்தவர் என்பதை நினைத்தால் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

எனவே கடிகாரக் கோளாறு என்று வந்தால் கேட்க வேண்டிய கேள்வி, "மணி என்ன?" என்பதன்று, "உனக்கு மணி சொல்பவர் யார்?" என்பதே. நாங்கள் சென்ற வழியைப் படிப்படியாகத் தருகிறேன்.

முதற்படி, வேறுபாட்டின் தன்மையை அறிதல். வேறுபாடு சரியாக ஐந்தரை மணி என்றால் கடிகாரத்தில் பிழை இல்லை. இந்திய நேரம், உலகப் பொது நேரம் என்ற அமைப்பில்தான் குழப்பம். பொறியை அணைத்து ஏற்றியதும் பல ஆண்டு பின்னே போனால், உள்ளே இருக்கும் காசு வடிவ மின்கலம் தீர்ந்திருக்கும். முன்னும் பின்னும் துள்ளினால், இருவரிடமிருந்து நேரம் வாங்குகிறது என்று ஐயுறலாம். நாள்தோறும் சிறிது சிறிதாக வளர்ந்தால், யாரிடமும் கேட்காமல் தானே ஓடுகிறது. எங்கள் வேறுபாடு மறுநாள் அதே வேளையில் 6 நிமிடம் 3 விநாடி ஆயிற்று. ஆகவே நாளுக்கு 3 விநாடி.

இரண்டாம் படி, ஆசிரியரைத் தேடுதல். விண்டோஸ் பொறிகளில் டபிள்யூ-32-டி-எம் என்ற கட்டளையும், லினக்ஸ் பொறிகளில் குரோனியின் கட்டளைகளும் யாரிடம் நேரம் வாங்கப்படுகிறது என்று சொல்லிவிடும். எங்கள் சர்வர் ஒரு விர்ச்சுவல் மெஷின். அதாவது, பெரிய பொறி ஒன்றுக்குள் குடியிருக்கும் பொறி. வீட்டுக்காரரிடமே அது நேரம் வாங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரோ ஒருவரிடமும் வாங்கவில்லை.

மூன்றாம் படி, வழி திறந்திருக்கிறதா என்று பார்த்தல். நேரம் கேட்கும் செய்தி யுடிபி 123 என்ற எண்ணுள்ள வாயில் வழியே போகும். நான்கு மாதத்துக்கு முன் அலுவலகத்தில் புதிய ஃபயர்வால் வைத்தபோது, அவ்வாயிலில் செல்லத் தக்கவர் பட்டியலில் இந்தப் பெரிய பொறியைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். கணக்குப் போட்டேன். நாளுக்கு 3 விநாடி. 120 நாளுக்கு 360 விநாடி. அதாவது 6 நிமிடம்! நுழைவுத் தொல்லைக்கும் விடை கிடைத்தது. ஆளை அடையாளம் காணும் கெர்பரோஸ் முறை, வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் கடிகாரம் மாறுபட்டால் ஏற்காது. 300 விநாடி சேர 100 நாள். எஞ்சியது 20 நாள். முறையீட்டு ஏட்டைப் புரட்டினால், முதல் முறையீடு வந்தும் ஏறத்தாழ அத்தனை நாளே ஆகியிருந்தது.

நான்காம் படி, திருத்துதல். பிழை தெரிந்தவுடன் கை துறுதுறுக்கும். ஆனால் வேலை நேரத்தில் கடிகாரத்தைப் பின்னே தள்ளலாகாது. தள்ளினால் பின்னர் வந்த விண்ணப்பம் முன்னர் வந்ததாகப் பதிவாகும். ஓர் அநீதியைத் தீர்க்கப் போய் வேறோர் அநீதி விளையும். மெல்ல மெல்ல இழுக்கலாமா? என்டிபி வழக்கமாகப் பத்து லட்சத்தில் 500 பங்குக்கு மேல் இழுப்பதில்லை. அந்த வேகத்தில் 6 நிமிடம் சரியாக எட்டு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே பழைய பதிவுகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, இரவில் சேவையை நிறுத்தி, ஒரே முறையில் திருத்தினோம். ஃபயர்வாலில் வழி திறந்தோம். சர்வர் வீட்டுக்காரரிடம் நேரம் வாங்குவதை நிறுத்தி, நேரே என்டிபியிடம் விட்டோம். பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர் மாறுபட்ட பாடம் சொல்லலாகாது அன்றோ?

நேரம் சொல்வோராக நான்கு சர்வர்களை வைத்தோம். இருவர் மட்டும் இருந்து மாறுபட்டால் பொய்யர் யார் என்று அறிய முடியாது. நால்வர் இருந்தால், ஒருவர் பொய் சொன்னாலும் எஞ்சிய மூவர் காட்டிக்கொடுப்பர். தேசிய தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் அமைப்பு நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. காகிதத்தில் இருந்த அந்த ஆணையும் அன்றைக்குத்தான் எங்கள் அறைக்குள் வந்தது.

ஐந்தாம் படி, நடந்த அநீதியைத் திருத்துதல். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான் அளந்த நாளுக்கு மூன்று நாள் முன்னரே கடைசி நாள். அன்று பிழை 9 விநாடி குறைவு. அதாவது 5 நிமிடம் 51 விநாடி. அம்மாணவியின் விண்ணப்பம் உண்மையில் 4 மணி 57 நிமிடத்துக்கு வந்தது. வங்கி ரசீதும் அதற்கு ஒத்தது. இக்கணக்கை ஒரு தாளில் எழுதித் தலைவர் மேலிடத்துக்கு அனுப்பினார். அவளுடையதும் இன்னும் ஐவருடையதுமாக ஆறு விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன.

"கணிப்பொறி பொய் சொல்லாது" என்ற எழுத்தர் மறுநாள் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கணிப்பொறி வேண்டுமென்றே பொய் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் தனக்குத் தவறாகச் சொல்லப்பட்டதையும் அதே உறுதியோடுதான் சொல்லும். அதன் சாட்சியை ஏற்குமுன், நேரத்தை அது யாரிடம் கேட்டது என்று விசாரிப்பது நம் கடமை. அறிவியல் படித்த நாம் அவ்விசாரணையைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்?