களஞ்சியப் பூனை சாக்கையும் நூலையும் மெல்லுவதேன்?

நெல்லை எலியிடமிருந்து காக்கக் கமக்காரர் பலர் பூனை வளர்க்கின்றனர். அப்பூனை சிலவேளை சாக்கு நூலையும் பொலித்தீனையும் மெல்லுவதுண்டு. சிறுபோக வெங்காய அறுவடைக் காலத்தில் தம்புள்ளை வீடுகளில் வலைப்பைகளும் நைலோன் நூலும் குவிவதால், அப்போது கூடுதற் கவனம் தேவை.

காரணங்கள்: 8 வாரம் நிரம்புமுன் தாயைப் பிரிந்த குட்டி துணியைச் சப்பும், வளர்ந்த பின்னும் அப்பழக்கம் நீடிக்கலாம். பசி, இரத்தச்சோகை, குடல்நோய் ஆகியவையும் காரணமாகலாம். மீன்வாடை ஏறிய பையையும் பூனை நாடும். ஆகவே, அதனை அடித்துத் திருத்த முயலுதல் பயனற்றது. புல்லைக் கடித்தல் பெரும்பாலும் இயல்பானதே.

தீமை: பூனையின் நாக்கு முட்கள் தொண்டையை நோக்கி வளைந்தவை; வாயிற் சென்ற நூலை அது எளிதில் துப்பமாட்டாது. நூலின் ஒருமுனை நாக்கடியிற் சிக்கினால், குடல் நூலின்மீது சுருங்கி அறுபடும். வெங்காயமோ பூனையின் செங்குருதிக் கலங்களை அழிக்கும்.

செய்ய வேண்டியவை:

1. அவிழ்த்த நூலையும் வெறும் பைகளையும் உடனே மூடிய பெட்டியில் இடுக.

2. நாள்தோறும் மீன் கலந்த உணவு கொடுக்குக. வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கும், பட்டினி போடவேண்டியதில்லை.

3. வாயிலோ குதத்திலோ நூல் தொங்கினால் அதனை இழுத்தலாகாது.

4. வாந்தி, உண்ணாமை காணப்பட்டால் அன்றே அரச மிருக வைத்திய அலுவலகத்திற்குக் கொண்டுசெல்க.

ஒரு முழ நூலைக் கவனியாது விட்டால் களஞ்சியக் காவலை இழக்க நேரிடும்.